ஸ்கூட்டரில் அவள் நின்ற இடம்

என் பிழைப்பு, புதியதைப் பழையதாக்குவது. கல்யாண வீட்டில் யாராவது என்ன தொழில் என்று கேட்டு நான் இப்படிச் சொன்னால், ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கள்ள வேலையொன்றும் இல்லை. சிரம்பானுக்கு வெளியே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய ஸ்கூட்டர், பழைய மோட்டார்சைக்கிள், எப்போதாவது ஒரு பழைய கார் வரும். துருப்பிடித்துக் கிடப்பதை ஓட வைப்பது பாதி வேலை. இற்றுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தி, அந்தப் புதியதும் வண்டி பிறந்த நாளிலிருந்தே அதோடு வெயிலிலும் மழையிலும் கிடந்தது என்று நம்ப வைப்பது மீதிப் பாதி. ஆட்கள் என்னைத் தேடி வருவது அந்த மீதிப் பாதிக்குத்தான்.

நீலாய்ப் பக்கம் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் என்னுடைய நெடுநாள் வாடிக்கையாளர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்காக மட்டும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர். புது மட்கார்டைப் பொருத்திக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். புதுசு மாதிரி இருக்கிறதே என்பார். புதுசுதானே ஐயா என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். தன் தலைமுடிக்கு மாதம் தவறாமல் கறுப்பு அடிக்கிற மனிதர், வண்டி மட்டும் நரைத்திருக்க வேண்டும் என்கிறார். சரியென்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. புதுச் சாயத்தின் மினுக்கை உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துக் கொல்ல வேண்டும். வெறும் இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் வினிகரும் உப்பும் பூசி வெயிலில் வைத்தால் துரு தானாக வந்து உட்காரும். அந்தத் துருவும் புதுத் துருவாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கெட்டியான கறுப்புத் தேநீரை மேலே விட்டு, பழைய என்ஜின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால்தான் நிறம் அடங்கும். தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் செம்மண்ணைச் சலித்து இடுக்குகளில் ஏற்ற வேண்டும். அதோடு ஆயுத பூசை வேலையும் உண்டு. நம் ஆட்கள் ஓட்டிய வண்டியின் முன்விளக்கு வளையத்தில், வருசா வருசம் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, கழுவினாலும் போகாத ஒரு மஞ்சள் கறை பொட்டு வைத்த இடத்தில் தங்கிவிடும். புது வளையம் போட்டால் அந்தக் கறையையும் போட வேண்டும். சந்தனத்தைக் குழைத்து வைத்து, காயவிட்டு, துடைத்து, மறுபடி வைத்து, ஒரு வாரத்துக்குள் ஒரு குடும்பத்தின் அத்தனை ஆயுத பூசையையும் முடித்துவிடுவேன். சாமி மன்னிக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு.

இதில் முக்கியமானது ஒன்றுதான். தேய்மானம் எதனால் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கிளட்சைப் பிடிக்கும் விரல், சீட்டில் உரசும் தொடை, சாவிக்கொத்து ஆடி ஆடிக் கீறும் இடம், எல்லாவற்றுக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மனிதரை மனதில் வைத்துக்கொண்டு தேய்த்தால் கை தவறாது.

இத்தனை பேர் வண்டியைத் தொட்ட எனக்கு என் சொந்த வண்டியைத் தொடக் கை வந்ததில்லை. அது ஒரு நீல நிற ஸ்கூட்டர். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் ஓட்டி, அலுத்துப்போய் எனக்குக் கொடுத்தது. சுவா என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில்தான் அப்போது இருந்தோம். என் மனைவி அங்கிருந்தே வேனில் தொழிற்சாலை வேலைக்குப் போவாள். எங்களுக்கு ஒரே மகள். அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அவளைத் தினமும் அந்த ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விடுவேன். பின்னால் உட்காரச் சொன்னால் மாட்டாள். எனக்கு முன்னால், கால் வைக்கும் தகட்டில் நின்றுகொண்டுதான் வருவாள். நிற்கிறவள் சும்மா நிற்கவும் மாட்டாள். எதிரே வருகிற மாட்டுக்கும் நாய்க்கும் அவளே வாயால் ஹாரன் அடிப்பாள்.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது டெங்குக் காய்ச்சல் வந்து பாப்பா போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. எழுத எனக்கு இஷ்டமும் இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் இருக்க என் மனைவியால் முடியவில்லை. சிரம்பானுக்கு வந்துவிட்டோம். ஸ்கூட்டரை எடுத்து வரவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. அதே லயத்தில் இருந்த என் மச்சான் வீட்டுப் பின்கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தோம். மனைவி நீலாயில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், நான் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடங்கள் அப்படியே போயின.

போன வருடம் மச்சான் போன் செய்தார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், லயத்தை இடிக்கப் போகிறார்கள், வண்டியை என்ன செய்வது என்று கேட்டார். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். கொண்டு வந்துவிடச் சொன்னாள். அத்தனை வருடத்தில் அவள் அந்த ஸ்கூட்டரைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஓட வைங்க, சாயம் அடிங்க, ஒங்க இஷ்டம். பாப்பா நின்ன எடத்துல மட்டும் கை வைக்காதீங்க. அது எனக்கு அப்படியே வேணும்."

சரி என்று சொன்னேன். பெரிய காரியமில்லை என்று நினைத்தேன்.

லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்து தார்ப்பாயை எடுத்தேன். கொட்டகைக் கூரை எப்போதோ ஒழுகியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. பாப்பா நின்ற தகடுதான் இல்லை. நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதன் வழியாகப் பட்டறைத் தரை தெரிந்தது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. அவள் நின்று நின்று சாயம் போனது அந்த இடத்தில்தான். சாயம் இல்லாத இடத்தில்தான் துரு முதலில் ஏறும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவன் நான். என் மகள் தேய்த்த இடம்தான் முதலில் அழியும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. உதிர்ந்த துருவை விளக்குமாற்றால் கூட்டினேன். கூட்டும்போதே அழுதேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லும் வாய் எனக்கு வரவில்லை. இன்னொன்றும் இருந்தது, என் கைமேல் எனக்கிருந்த திமிர். கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டி பார்க்கப் பூதக்கண்ணாடியோடு வருகிறவர்களையே ஏமாற்றுகிறேன், அந்த இடத்தை என்னால் திரும்பச் செய்ய முடியாதா என்று நினைத்தேன். அவள் கேட்டது அந்த இடம். அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பழைய ஸ்கூட்டர்களுக்குப் புதுப் பாகம் செய்வது வியட்நாமில்தான், புதுத் தகடு அங்கிருந்து வந்தது. வெட்டி, வைத்துப் பற்றவைத்து, அடிச்சாயம் பூசி, அதே நீலத்தைக் கலந்து அடித்தேன். அதுவரை கை சரளமாகப் போனது. தேய்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. அந்த இடத்தில் சாயம் தேய்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. எந்த வடிவில் தேய்ந்திருந்தது என்பது ஞாபகம் இல்லை. தினமும் பார்ப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஓட்டும்போதும் நான் பார்த்தது அவள் உச்சந்தலையை மட்டும்தான். எண்ணெய் தடவி எடுத்த வகிடு, இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிய சடை. அதற்குக் கீழே எல்லாவற்றையும் அவளுடைய புத்தகப்பையும் நீலச் சீருடையும் மறைத்திருக்கும். அவள் காலை வைத்து நிற்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவள் காலுக்குப் போட்ட பள்ளிச் சப்பாத்து வீட்டு அலமாரியில் மனைவியின் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்கத் தைரியமில்லை. சிரம்பானில் பாய் கடை ஒன்றுக்குப் போய் வெள்ளைச் சப்பாத்து கேட்டேன். பிள்ளை எத்தனையாவது படிக்கிறது என்று பாய் கேட்டார். மூன்றாம் ஆண்டு என்றேன். என்ன நம்பர் என்று கேட்டார். நம்பர் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து இவ்வளவு இருக்கும் என்று காட்டினேன். அவர் ஒரு சோடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்ல மனதோடு ஒரு யோசனையும் சொன்னார்.

"ஒரு நம்பர் பெருசாவே எடுத்துக்குங்க லா. புள்ள வளந்துரும்ல."

"இல்ல பாய், இதுவே போதும்" என்றேன்.

காரில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துக்கு என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சப்பாத்துகளின் அடியில் உப்புத்தாளை ஒட்டினேன். இரண்டு கையையும் சப்பாத்துக்குள் விட்டுக்கொண்டு, தகட்டின்மேல் அவள் ஏறினால் எப்படி ஏறுவாள், திரும்பினால் எப்படித் திரும்புவாள், மாட்டைக் கண்டால் எப்படிக் குதிப்பாள் என்று நினைத்து நினைத்துத் தேய்த்தேன். முதலில் நீலம் மங்கியது, பிறகு சிவப்பு அடிச்சாயம் தெரிந்தது, பிறகு இரும்பு. வலது பாதத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பொய் தெரிந்துவிடும். வினிகர், உப்பு, தேநீர், எண்ணெய். இடிபடப் போகிற லயத்துக்கே போய்ச் செம்மண் அள்ளி வந்து சலித்து ஏற்றினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் உத்தமமானது. எனக்கே அவள் அங்கே நின்றாள் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை வீட்டு முன்வாசலில் கொண்டு வந்து நிறுத்தினேன். மனைவி வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி வரவில்லை, சாயத்தைப் பார்க்கவில்லை. நேராக அந்தத் தகட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தொடலாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது, இருந்தாலும் தலையாட்டினேன். இரண்டு காலடியிலும் இரண்டு உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். பாப்பா போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அடுத்த சில நாள் வீடே மாறிப்போனது. வேலை முடிந்து தொழிற்சாலை வேனில் வந்து இறங்கியதும் முதலில் ஸ்கூட்டரிடம் போவாள். வண்டியெல்லாம் துடைப்பாள், அந்த இடத்தை மட்டும் துடைக்க மாட்டாள். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். பாப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். தட்டில் வைத்த சோற்றை ஒவ்வொரு மீன் துண்டுக்கும் இவ்வளவு என்று பங்கு பிரித்தது, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் பாடம் நடத்தியது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் பேசாத பேச்சு. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். செய்தது சரிதான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே, லேசாகச் சிரித்தபடி சொன்னாள்.

"மனசு எப்படி ஏமாத்துது பாத்தீங்களா. இவ்ளோ வருசமா பாப்பா ஒத்தக் கால்ல நிப்பான்னுல நெனச்சிக்கிட்டு இருந்தேன். இடது கால ஊனிக்கிட்டு, வலது கால் சப்பாத்தால கொசு கடிச்ச எடத்த சொறிஞ்சிக்கிட்டே போவா. நான் வேனுக்கு நிக்கும்போது தெனம் பாப்பேன், நீங்க முக்கு திரும்புற வரைக்கும். பாருங்களேன், ரெண்டு காலும்தான் ஊனியிருக்கா. எங்கேர்ந்துதான் அப்படி ஒண்ண நெனச்சேனோ."

பள்ளிக்குக் கிளம்பும் பாப்பாவை, லயத்து வாசலில் வேனுக்கு நின்றபடி பக்கவாட்டில் பார்த்தவள் அவள். நான் பார்க்காத காலைப் பார்த்தவள். மகளிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு கால்தான். தான் கண்ணால் பார்த்ததைத் தள்ளிவிட்டு, என் உப்புத்தாள் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறாள். என் வேலை அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த நிமிடம் என் இரண்டு கையையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் முழுக்கப் பட்டறையில் எந்த வேலையும் ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இப்படியே சந்தோசமாக இருப்பாள். ஆனால் யாருமே நிற்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு, நின்றவளை மறந்துகொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தால் அந்த இடம் போய்விடும். எதை எடுத்தாலும் அவளிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் பாப்பாவின் காலுக்காகப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முன்வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அது புதுத் தகடு. ரெண்டு காலடியும் நான் செஞ்சதும்மா" என்றேன்.

அவள் கை நின்றது. ஸ்கூட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பழசு எங்க?"

"கொட்டகையிலயே துரு தின்னுடுச்சு. தொட்டா உதிருது. கூட்டித் தள்ளிட்டேன்."

கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தபோது முகத்தில் ஈரம் சொட்டியது. பழைய இடத்திலேயே உட்கார்ந்து கீரைக்காம்பைக் கையில் எடுத்தாள், ஆயவில்லை.

நீ நினைத்ததுதான் சரி, அவள் ஒற்றைக் காலில்தான் நின்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இப்ப கண்ண மூடினா ரெண்டு கால்லதான் நிக்கிறா. மாத்திப் பாக்கிறேன், வர மாட்டேங்குது. மொதல்ல இருந்தது போயிடுச்சுங்க."

இரும்பு என்றால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்கதான தெனம் கூட்டிக்கிட்டுப் போனீங்க. நீங்களும் பாத்திருக்கீங்கதான? ஒத்தக் கால்ல நின்னா இல்ல?"

நான் பார்த்தது வகிடு, ரிப்பன். வேறெதுவும் இல்லை.

"பாத்திருக்கேன்" என்றேன். "இடது கால்லதான் நிப்பா." அது போதாது என்று அவள் முகம் சொன்னது. பார்த்தவன் அவ்வளவோடு நிறுத்த மாட்டான். எங்கே கொஞ்சம் அழுக்கு ஏற்றினால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். "வலது காலால சொறிஞ்சிக்கிட்டே வருவா. சப்பாத்துக் கயிறு அவுந்துடும்டி, ஒழுங்கா நில்லுன்னு திட்டுவேன்."

அவள் கண்ணை மூடினாள்.

"ஆமா, திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.